பேரீச்சையில் சர்க்கரை அளக்கப் போய்த் தண்ணீரை அளந்த கதை

நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பேரீச்சை விற்கும் பெரியவர் ஒருவர் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். கடையநல்லூர்க் குடும்பம். அவருடைய அத்தா காலத்திலிருந்து இதே வியாபாரம். கையில் மூன்று பெட்டி: மெட்ஜூல், அஜ்வா, டெக்லெட் நூர்.

"தம்பி, கடைக்கு வர்ற வயசானவங்க பாதிப் பேருக்கு இனிப்புநீர். 'பாய், எதுல சர்க்கரை கம்மி?'ன்னு கேக்குறாங்க. நான் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. அளந்து சொல்ல முடியுமா? ஆனா பழத்தை வெட்டக் கூடாது. அஜ்வா என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்."

அந்தக் கேள்வி சும்மா வந்ததல்ல. 2016-இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்ததிலிருந்து இங்கே சர்க்கரையைப் பற்றிய பேச்சு வீட்டுக்கு வீடு நடக்கிறது. 2022 டிசம்பர் 30 முதல் பானப் புட்டிகளில் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் கடைசித் தரமான 'டி'. புட்டியைத் திருப்பி எழுத்தைப் பார்த்துப் பழகிய கை, பேரீச்சைப் பெட்டியையும் அப்படித் திருப்பிப் பார்க்கிறது. பாயின் கவலை எனக்கு நன்றாகவே புரிந்தது. என் அம்மாவும் மாத்திரை போட்டுக்கொண்டு நோன்புக் கஞ்சிக்கு முன்னால் இரண்டு பழம் எடுப்பவர்தான்.

வெட்டாமல் அளக்க வழி இருக்கிறது என்று சொன்னேன். அண்மை அகச்சிவப்பு நிறமாலை: கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பழத்தின் மேல் காட்டி, எந்த அலைநீளம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது. கையடக்கக் கருவி எங்களிடம் ஒன்று உண்டு, 900 முதல் 1700 நானோமீட்டர் வரை படிக்கும். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடிய ஒன்பது வாரம் ஆனது. அவர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலும் நான் எதிர்பார்த்த பதில் அல்ல. இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுதாக எழுதுகிறேன்.

ஒளி எதைப் பார்க்கிறது

1800-இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தில் பிரிந்த வெயிலில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பம் ஏறியது. அந்த இடத்தை உணவை அளக்கும் கருவியாக்கியவர் அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்ல் நாரிஸ். தானியத்தின் ஈரத்தை அளப்பதில் தொடங்கினார். அவர் முதலில் தேடியது ஈரம் என்பதை நான் அப்போதே மனதில் வைத்திருக்க வேண்டும்.

ஒரு தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு மெல்லிய மேற்சுரங்களும் எழும். மூலக்கூறின் பிணைப்புகளும் அப்படித்தான். ஆக்சிஜன்–ஹைட்ரஜன், கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளின் அடிப்படை அதிர்வு நடு அகச்சிவப்பில் இருக்கிறது. மேற்சுரங்களும் கூட்டுச்சுரங்களும் 780 முதல் 2500 நானோமீட்டருக்குள் விழுகின்றன. அவை பலவீனமானவை. அதனால்தான் ஒளி பழத்துக்குள் சில மில்லிமீட்டராவது நுழைந்து திரும்பி வர முடிகிறது. வெட்டாமல் அளக்க முடிவதும் இந்தப் பலவீனத்தால்தான்.

தண்ணீர் 970, 1190, 1450, 1940 நானோமீட்டர்களை ஒட்டிப் பலமாக உறிஞ்சும். சர்க்கரைக்கும் கார்பன்–ஹைட்ரஜன் பட்டைகள் உண்டு. ஆனால் அவை தண்ணீரின் பெரிய மேடுகளுக்குப் பக்கத்தில் சின்ன வரப்புகள் மாதிரி. போதாததற்குச் சர்க்கரையிலும் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது, அது தண்ணீரின் மேட்டோடு கலந்துவிடும். எனவே ஒரே அலைநீளத்தை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான அலைநீளங்களை ஒன்றாக எடுத்து, பகுதிச் சிறும வர்க்கம் என்ற கணக்கு முறையால், ஆய்வுக்கூடத்தில் அளந்த சர்க்கரையோடு பொருத்த வேண்டும். அந்தப் பொருத்தத்தைத்தான் மாடல் என்கிறோம்.

கவனிக்க வேண்டியது இதுதான். கருவிக்குச் சர்க்கரை என்றால் என்னவென்று தெரியாது. நாம் கொடுக்கும் எண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும் எதையும் அது பிடித்துக்கொள்ளும்.

வெட்டித்தான் ஆக வேண்டும்

வெட்டாமல் அளக்க வேண்டும் என்றால் முதலில் கொஞ்சம் பழத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று பாயிடம் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது. ஆனால் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு வகையிலும் 40 பழம். ஒவ்வொரு பழத்திலும் நான்கு பக்கம் ஒளி காட்டிப் பதிவு. பிறகு கொட்டையை எடுத்து, சதையில் பாதி ஈரத்துக்கு, பாதி சர்க்கரைக்கு.

ஈரத்தைச் சாதாரண அடுப்பில் 105 டிகிரியில் வைத்து எடுக்கக் கூடாது. பழத்தில் உள்ள ஃபிரக்டோஸ் அந்தச் சூட்டில் சிதையும். அது சிதைந்து போகும் எடையும் தண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிடும். வெற்றிட அடுப்பில் 70 டிகிரியில் வைத்தோம்.

சர்க்கரைக்கு முதலில் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்தேன். சாறு ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை வைத்து, அதில் கரைந்திருப்பதைப் பிரிக்ஸ் என்ற அளவில் சொல்லும் கருவி. இது என் முதல் தவறு. முலாம்பழம், அன்னாசி மாதிரி சாறுள்ள பழத்துக்கு அது போதும். பேரீச்சையில் சாறு கிடையாது. 10 கிராம் சதையை 90 கிராம் தண்ணீரில் அரைத்து, வடிகட்டி, வரும் பிரிக்ஸை 10-ஆல் பெருக்க வேண்டும். கருவியின் துல்லியம் 0.2 பிரிக்ஸ். பத்தால் பெருக்கினால் பழத்தில் 2 சதவீதப் புள்ளி. ஒரே பெட்டிக்குள் பழத்துக்குப் பழம் உள்ள வேறுபாடே சில சதவீதப் புள்ளிகள்தான். அளக்க வேண்டிய பொருளும் அளவுகோலின் கோடும் ஒரே பருமன் என்றால் என்ன அளப்பது? அதோடு பிரிக்ஸ் என்பது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும், அமிலம், உப்பு எல்லாம் அதில் அடங்கும். அந்த எண்களை ஒதுக்கிவிட்டு, ஹெச்பிஎல்சி கருவியில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து அளந்தோம். ஒப்பிடுவதற்கு எடுக்கும் ஆய்வுக்கூட அளவு எவ்வளவு சரியோ, அதைவிடச் சரியாக எந்த ஒளிக்கருவியும் சொல்லாது. இரண்டு வாரம் அதில் போனது. போனாலும் அது வீணான காலம் அல்ல.

பிரித்து அளந்ததில் வகைகளின் குணம் பளிச்சென்று தெரிந்தது. டெக்லெட் நூர் சுக்ரோஸைத் தன்னிடம் நிறைய வைத்துக்கொள்ளும் வகை. மெட்ஜூலும் அஜ்வாவும் பழுக்கும்போதே இன்வர்ட்டேஸ் நொதியால் சுக்ரோஸை உடைத்துக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் ஆக்கிவிடுகின்றன. அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணையில் 100 கிராம் டெக்லெட் நூரில் சுக்ரோஸ் ஏறத்தாழ 24 கிராம், மெட்ஜூலில் அரை கிராம். எங்கள் பழங்களிலும் இதே போக்குதான். அதாவது மூன்று பெட்டியும் 'பேரீச்சை' என்று ஒரே பெயரில் வந்தாலும், வேதியியல்படி இரண்டு வேறு பழங்கள்.

பழம் அதே பழம், தம்பி

மாடல் தயாரானதும் வரைபடத்தில் புள்ளிகள் கோட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றன. எனக்கு மகிழ்ச்சி. கருவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

காலை எட்டு மணி. ஜூரோங் பக்கம் உள்ள குளிர்க்கிடங்கிலிருந்து மெட்ஜூல் தட்டுகள் அப்போதுதான் வந்து இறங்கின. ஒரு தட்டைத் திறந்து பத்துப் பழம் பார்த்தேன். சர்க்கரை ரொம்பக் குறைவாகக் காட்டியது. பாய் சந்தோஷப்பட்டார். லுஹர் தொழுகைக்கு டன்லப் தெரு அப்துல் கஃபூர் பள்ளிக்குப் போய்விட்டு அவர் திரும்பியதும், அதே தட்டில் அதே பத்துப் பழத்தை மறுபடி பார்த்தேன். எல்லாமே ஏறியிருந்தன.

"பழம் அதே பழம், தம்பி. மதியத்துக்குள்ள அதுக்கு இனிப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

என்னிடம் பதில் இல்லை. கருவியின் வெண்தகட்டைத் துடைத்து மறுபடி சரிபார்த்தேன், விளக்கு சூடாக நேரம் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. அன்றைக்குப் பெட்டியில் ஒட்டுவதற்கு எந்த எண்ணையும் கொடுக்காமல் திரும்பினேன். ஒரு வியாபாரியிடம் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு வருவது கஷ்டம்தான். ஆனாலும் தவறான எண்ணை இனிப்புநீர்க்காரர் கையில் கொடுப்பதைவிட அது மேல்.

பிரித்துப் பார்த்தபோது

முதலில் பனி. சிங்கப்பூரில் காற்றின் பனிநிலை 24 டிகிரியை ஒட்டி இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் திறந்து வைத்தாலும் அதன் மேல் தண்ணீர் படியும். குளிர்ச்சியான பானத் தகரத்தில் முத்து முத்தாக நிற்பது போலவே, பேரீச்சைத் தோலின் சுருக்கங்களுக்குள்ளும் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. கண்ணுக்கு அது வெறும் பளபளப்பாகத்தான் தெரியும். ஒரு பழத்தைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடனே பார்த்தேன், மெல்லிய தாளால் ஒற்றி எடுத்துப் பார்த்தேன், இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தேன். மூன்றும் மூன்று எண். ஒற்றி எடுத்ததிலேயே பாதித் தூரம் ஏறிவிட்டது.

மீதிக்குக் காரணம் வெப்பநிலை. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கும். சூடு ஏற ஏற அந்தப் பிடி தளரும், உறிஞ்சும் பட்டை குறுகிய அலைநீளம் பக்கம் நகரும். 4 டிகிரிப் பழமும் 28 டிகிரிப் பழமும் ஒரே அளவு தண்ணீரை வைத்திருந்தாலும் நிறமாலை ஒன்றாக இருக்காது. எங்கள் மாடல் ஆய்வுக்கூடத்தின் குளிர்சாதன அறையில், 23 டிகிரிப் பழத்தை மட்டும் பார்த்துப் பழகியது.

சரி, இவை இரண்டையும் கழித்தாலும் ஒரு பெரிய கேள்வி மிஞ்சியது. தண்ணீர் கொஞ்சம் மாறினால் சர்க்கரை எண் ஏன் இவ்வளவு ஆட வேண்டும்?

இங்கேதான் பழைய பதிவுகளைத் திறந்து உட்கார்ந்தேன். நான்கு பக்கப் பதிவுகளை நான் கலைத்துப் பிரித்திருந்தேன். அதனால் ஒரே பழத்தின் இரண்டு பக்கம் மாடலைக் கட்டும் கூட்டத்திலும், மற்ற இரண்டு பக்கம் அதைச் சோதிக்கும் கூட்டத்திலும் போயிருந்தன. விடை தெரிந்த கேள்வியையே பரீட்சைக்குக் கொடுத்தது போல ஆகிவிட்டது. பழத்துக்குப் பழம் என்று பிரித்துச் சோதித்ததும் புள்ளிகள் கோட்டைவிட்டு விலகின. பெட்டிக்குப் பெட்டி என்று பிரித்ததும் இன்னும் விலகின. அடுத்தவர் ஆய்வை நான் படிக்கும்போது இப்போது முதலில் தேடுவது இந்தப் பிரிப்பு எப்படி நடந்தது என்பதைத்தான்.

பிறகு உலர்எடைக் கணக்கு. இதுதான் இந்த வேலையின் முடிச்சு.

100 கிராம் மெட்ஜூலில் மேற்சொன்ன அட்டவணைப்படி தண்ணீர் 21.3 கிராம், சர்க்கரை 66.5 கிராம். தண்ணீரை எடுத்துவிட்டால் மிச்சமுள்ள உலர்பொருளில் சர்க்கரை 84.5 சதவீதம். பேரீச்சையின் சதை என்பது ஏறக்குறைய சர்க்கரையும் தண்ணீரும்தான், நார் முதலியவை கொஞ்சம். எனவே இரண்டும் ஒரு ஏற்றப்பலகையின் இரண்டு முனைகள். ஒன்று இறங்கினால் மற்றது ஏறியே தீரும். 25 சதவீதம் தண்ணீரும் 65 சதவீதம் சர்க்கரையும் உள்ள பழம் காய்ந்து 20 சதவீதத் தண்ணீருக்கு வந்தால், ஒரு துளி சர்க்கரை கூடாமலேயே சர்க்கரையின் சதவீதம் 69.3 ஆகிவிடும். கருவி பலமாகப் பார்ப்பது தண்ணீரை. நான் கற்றுக்கொடுத்ததோ சர்க்கரைச் சதவீதத்தை. அது சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டது.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தோம். மெட்ஜூல் சதையை அரைத்து, தண்ணீரின் அளவை மாற்றாமல், ஒன்றில் குளுக்கோஸ் தூளையும் மற்றொன்றில் அதே எடைக்கு நார்ப்பொருளான செல்லுலோஸ் தூளையும் படிப்படியாகக் கூட்டினோம். தண்ணீர் ஒன்றே, சர்க்கரை மட்டும் வேறு. பழைய மாடல் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைச் சொன்னது. பிறகு சர்க்கரையை உலர்எடைக்குச் சதவீதமாக மாற்றி, 120 பழத்துக்கும் புதிதாக மாடல் கட்டினோம். வகைக்குள் கணிப்பு சரிந்துவிட்டது. மூன்று வகையையும் சேர்த்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்தது. அதற்குக் காரணமும் சர்க்கரை அல்ல, தோலும் நிறமாலையின் பொது வடிவமும் இது எந்த வகை என்று காட்டிக்கொடுத்ததுதான். சர்க்கரையின் சுவடே இல்லை என்று சொல்லவில்லை. 1700-க்கு மேல், 2100 நானோமீட்டர் பக்கம் படிக்கும் மேசைக் கருவியில் அது இன்னும் தெளிவாகவே தெரியும். கையடக்கக் கருவியின் எல்லைக்குள், முழுப் பழத்தின் மேல், அது நம்பும் அளவுக்கு இல்லை.

இடையில் வந்த இன்னொரு தொல்லையையும் குறிக்க வேண்டும். சில பெட்டிகளின் உட்பொருள் பட்டியலில் குளுக்கோஸ் பாகு இருந்தது. பளபளப்புக்காகப் பூசுவது. பேரீச்சைக்கான கோடெக்ஸ் என்ற உலக உணவுத் தரநிலை இதை அனுமதிக்கிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒளி தோலை ஒட்டிய சில மில்லிமீட்டரைத்தான் படிக்கிறது என்பதால், பூச்சு உள்ள பழத்தில் நாம் படிப்பது பூச்சையும் சேர்த்துத்தான். மெட்ஜூலில் தோல் சதையைவிட்டு உப்பி நிற்கும் இடங்களும் அப்படி. நடுவில் காற்று இருந்தால் ஒளி அங்கேயே சிதறித் திரும்பிவிடும். அந்த இடங்களைத் தவிர்த்துச் சதை ஒட்டியிருக்கும் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைக்குக் கொடுத்தது

பாயிடம் எல்லாவற்றையும் உட்கார்ந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்போ கருவி வேஸ்டா?" என்றார்.

இல்லை. தண்ணீரை அது நன்றாகவே அளக்கிறது. அது கடைக்கு மிகவும் தேவையான எண். கோடெக்ஸ் தரநிலைப்படி சுக்ரோஸ் வகைப் பேரீச்சையில் ஈரம் 26 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, குளுக்கோஸ்–ஃபிரக்டோஸ் வகையில் 30. டெக்லெட் நூரை இயற்கை நிலையில் பொதியும்போது அதற்கும் 30 வரை இடம் உண்டு. ஈரம் கூடினால் ஈஸ்ட் வேலை செய்து பழம் புளிக்கும். நம் ஊர்க் காற்றில் திறந்த தட்டில் வைத்த பேரீச்சை ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது எல்லாக் கடைக்காரருக்கும் தெரியும். எந்தத் தட்டை முதலில் விற்க வேண்டும், எதைத் திரும்ப மூடிக் குளிரில் வைக்க வேண்டும் என்பதை இதுவரை விரலால் அழுத்திப் பார்த்து முடிவு செய்தார்கள். இனி வெட்டாமல் எண்ணோடு முடிவு செய்யலாம். மாடலைத் தண்ணீருக்காகவே, வகைக்கு ஒன்றாக, மூன்று வெப்பநிலைகளில் எடுத்த பதிவுகளோடு மறுபடி கட்டினோம். கடையில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றச் சொன்னேன்: குளிர்க்கிடங்கிலிருந்து வந்த தட்டைப் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறப்பது. பனி உறையின் மேல் படியும், பழத்தின் மேல் படியாது. கருவிக்காகச் சொன்னது இது. ஆனால் பழம் ஒட்டாமல், பிசுபிசுக்காமல் இருப்பதைப் பையன்களே கவனித்துச் சொன்னார்கள்.

இனிப்புநீர்க்காரர்களின் கேள்விக்கு விடை தராசில் இருந்தது. 100 கிராமுக்கு மெட்ஜூலில் சர்க்கரை 66.5 கிராம், டெக்லெட் நூரில் 63.4. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் யாரும் 100 கிராம் என்று எடுத்து நோன்பு திறப்பதில்லை. மூன்று பழம் என்றுதான் எடுக்கிறார்கள். கொட்டை நீக்கிய ஒரு மெட்ஜூல் அந்த அட்டவணையில் 24 கிராம், அதில் சர்க்கரை 16 கிராம். ஒரு டெக்லெட் நூர் 7 கிராம், சர்க்கரை நாலரை. மூன்று மெட்ஜூலில் 48 கிராம் சர்க்கரை, மூன்று டெக்லெட் நூரில் 14 கிராம்கூட இல்லை. வகைக்கு வகை வேறுபாடு சதவீதத்தில் கொஞ்சம், பழத்தின் பருமனில் மூன்று மடங்குக்கு மேல். இந்தக் கணக்கு முதல் நாளே என் மேசையில் இருந்தது. சதவீதத்தைத் துரத்திக்கொண்டு போனதில் அதை நான் பார்க்கவில்லை.

இப்போது கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் 0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பத்துப் பழத்தை நிறுத்து, கொட்டையின் எடையைக் கழித்து, ஒரு பழத்துக்கு ஏறத்தாழ எத்தனை கிராம் சர்க்கரை என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அட்டையில் எழுதி வைக்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவு எதுவோ அதற்குள் அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்பது பாயின் எண்ணம். நோன்பின் முதல் வாரத்தில் நான் போனபோது ஒரு மூதாட்டி அட்டையை நெருங்கி நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெருசுல ஒண்ணு வேணுமா, சின்னதுல மூணு வேணுமா? சர்க்கரை ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்," என்றார் பாய்.

"மூணு எடுக்கணும்ப்பா. எங்க வீட்டுல எப்பவும் மூணுதான்," என்று சொல்லி டெக்லெட் நூரில் அரைக் கிலோ வாங்கிக்கொண்டார்.

மெட்ஜூலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்த ஒரு பெட்டியையும் அன்று காட்டினார்கள். பூஞ்சை என்று ஒருவர் திருப்பிக் கொடுத்திருந்தார். உருப்பெருக்கியில் பார்த்தேன். தோலுக்கு அடியில் படிகமாகியிருந்த சர்க்கரை அது. நாளான பழத்தில் வருவது, கெடுதல் இல்லை. அட்டையில் அதற்கும் ஒரு வரி சேர்த்தோம்.

உறைய வைத்து வரும் ருத்தப் பழத்தை, அதாவது காய்வதற்கு முன்பே எடுக்கும் பேரீச்சையை, இன்னும் தொடவில்லை. அதில் ஈரம் மிக அதிகம், அதோடு உறைந்த தண்ணீரின் நிறமாலை திரவத் தண்ணீரின் நிறமாலையிலிருந்து முற்றிலும் வேறு. அதற்குத் தனி மாடல் வேண்டும். பெருநாள் முடிந்ததும் நாலு பெட்டி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வெட்டிக்கொள்ளவும் சம்மதம் சொல்லிவிட்டார்.